எழுத்துக்கு மூன்று ரூபாய்

கெளுத்தி முள் ஏறிய கட்டைவிரல்
ஒன்றரை மாதமாக மூடவில்லை.
அப்படித்தான் தெரிந்தது.
"எத்தினி வருசமா சுகரு?" என்றாள்
வரிசையில் முன்னால் நின்றவள்.
முள்ளைத்தான் கேட்கணும் என்றேன்.

ராயபுரம் ஆஸ்பத்திரி, மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை.
பர்வீன் என்ற பெண்
மூன்று வழிகளை என் முன்னால் வைத்தாள்,
ஏலத்துக்குக் கூடை இறக்குவதுபோல.

எண்ணிச் சாப்பிடுவது ஒன்று.
இட்லிக்கு இத்தனை, பழத்துக்கு இத்தனை,
பொழுது சாயும்வரை கூட்டிக்கொண்டே வரணும்.
இன்னொன்று, மாற்றிச் சாப்பிடுவது.
இதைத் தொட்டால் அதை விட்டுவிடு.
மூன்றாவதற்கு அவள் பேசவில்லை,
பேனாவால் வட்டம் போட்டாள்.
பாதி காய். கால் சோறு.
"மிச்சக் கால் மீனு. அதுல உங்களுக்குக் கவலை இல்லையே."
கவலைதாம்மா இப்ப நிறைய வருது என்றேன்,
கூடை கூடையா.
அவளுக்குச் சிரிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

எண்ணுவது எனக்கு லேசு.
காசிமேட்டில் பதினேழு வருசமாக மீன் வெட்டுகிறேன்.
தராசுக்கு முன்னால் கை சொல்லிவிடும்:
வஞ்சிரம், ரெண்டே கால், தலையோடு.
துண்டுக் கணக்கு, கூலி, மீதிச் சில்லறை
எல்லாம் வாய்க்குள்ளேயே ஓடும்.
அன்று ராத்திரி
ஒரு பிடி சோற்றைத் தூக்கிப் பார்த்தேன்.
கை ஊமையாக இருந்தது.

மாற்றுவதா?
மூன்று மணி இருட்டில் டீயும் பன்னும்.
பதினோரு மணிக்கு, செதில் ஒட்டிய கையோடு,
வண்டிக்காரன் கொடுக்கிற வடைகறி.
அவனிடம் போய் எதை மாற்றித் தரச் சொல்வது?

வட்டம்தான் சரி என்று
காகிதத்தை இடுப்பில் செருகியிருந்தேன்.
தட்டை எடுக்கப் போனால்
ஸ்டாண்டில் ஐந்து.
வீட்டில் ஆறு பேர்.
மறுபடி எண்ணினேன்.

அப்படியென்றால் இத்தனை நாள் நான் எதில் தின்றேன்?
சோற்றுக் குண்டானில்.
அடியில் ஒட்டியதோடு மிச்சக் குழம்பை ஊற்றி,
ஒரு பக்கம் சாய்த்து, நின்றபடி.
தட்டில் தின்னாதே என்று யாரும் சொன்னதில்லை.
கழுவ ஒரு தட்டு குறைச்சல்,
அவ்வளவுதான் விஷயம்.
ஆனால் குண்டானுக்கு ஏது பாதி, ஏது கால்?

வண்ணாரப்பேட்டையில் பாத்திரக்கடை.
விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டு ஒன்றைத்
தட்டிப் பார்த்து வாங்கினேன்.
வாசலில் மிஷினோடு ஒரு பையன்:
"பேர் வெட்டணுமா? எழுத்துக்கு மூணு ரூபா."

வீட்டுப் பாத்திரங்களில் எல்லாப் பேரும் உண்டு.
அண்டாவில் மாமனார்,
குடத்தில் தாய்மாமன்,
டம்ளரில்கூட அவருடைய இனிஷியல்.
ஜெபமாலை மேரி எதிலும் இல்லை.
ஆறு எழுத்து. பதினெட்டு ரூபாய்.
ஆசைதான் கொஞ்சம்.

"பேரு வேணாம்பா, கோடு போடு"
என்று காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன்.
தட்டைச் சுற்றிப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
ஊசி கிறீச்சிட்டுக்கொண்டு
நடுவே ஒன்று போனது,
ஒரு பக்கப் பாதியில் இன்னொன்று.
"கோட்டுக்கு எத்தினி எழுத்துன்னு போடறதும்மா?"
பேசிப் பத்தில் முடித்தேன்.

ராத்திரி உட்கார்ந்து தின்றேன்.
பெரிய பக்கத்தில் கோவைக்காய் தனியாகக் கிடந்தது,
லீவு நாள் மைதானம்போல.
சோறு தன் காலுக்குள் அடங்கவில்லை.
விரலால் தள்ளினால் உள்ளே போகிறது,
கொஞ்சம் அசந்தால்
புறம்போக்கில் குடிசை போட்டதுபோல
கோட்டைத் தாண்டி நிற்கிறது.
சின்னவன் டென்சில் எட்டிப் பார்த்தான்.
"இன்னாமா இது, தாயக்கட்டமா?"
வெளிச்சத்தை மறைக்காதே, தள்ளி உட்கார் என்றேன்.

சங்கராக் குழம்பை ஊற்றினேன்.
அதற்கு ஒன்றும் தெரியவில்லை.
எல்லாப் பக்கமும் போய் நின்றது.